சக்கரத்தடி எலுமிச்சை

வண்டியை எப்படி வேண்டுமானாலும் சுற்றிப் பாருங்கள். கதவைத் திறந்து பாருங்கள், இருக்கையை அழுத்திப் பாருங்கள். சக்கரங்களுக்கு அடியில் கறுப்பாகக் காய்ந்து கிடப்பவற்றை மட்டும் தொடாதீர்கள். அவை எலுமிச்சம்பழங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழங்களாக இருந்தன. ஏன் அங்கே கிடக்கின்றன என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். முதலில் வராந்தாவுக்கு வந்து இந்த நாற்காலியில் உட்காருங்கள். சாவி இதோ, என் கையில்தான் இருக்கிறது. ஒரு வண்டியை வாங்குபவர் அதை ஓட்டியவரைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்குவதுதான் முறை. உங்களுக்கு முன் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார்கள். பொறுமை இல்லாதவர்கள்.

குழந்தவேலுதான் உங்களை அனுப்பினானா? நினைத்தேன். அவனும் வேன் ஓட்டுகிறவன். என் கணவருக்கு ஸ்டாண்டில் வலக்கை போல இருந்தவன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தான், அதனால் ஒருமையில் சொல்கிறேன். இந்தக் கேட்டுக்குள் அவனை நான் விடுவதில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது, வரிசையாக வருகிறேன்.

என் கணவரின் பெயர் சென்னியப்பன். கணவரின் பெயரை மனைவி சொல்லக் கூடாது என்ற வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் கணிதம் படித்தவள். என் தந்தை தமிழாசிரியர். எங்கள் வீட்டில் குழந்தைகள்கூட முழு வாக்கியமாகத்தான் பேசுவார்கள். அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் விவசாயி. வேன் ஓட்டுநரும்கூட. இரண்டு ஏக்கர் மஞ்சள், ஓரமாகக் கொஞ்சம் மரவள்ளி. வரப்பில் யாருக்கும் பயன்படாமல் ஒரு வரிசை சூரியகாந்தி. விதை எடுக்கவா என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல அம்மிணி, நாளெல்லாம் காட்டுல நானொருத்தனே நிக்கறேன். பேச்சுத் தொணைக்கு நாலு மூஞ்சி வேணுமல்ல?" என்றார். அவரிடம் விளக்கம் கேட்டால் அவ்வளவுதான் கிடைக்கும்.

கல்யாணம் என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் இவர் வண்டியைத்தான் பிடிப்பார்கள். பாதி வழியில், வாய்க்கால் பாலத்தின் மேல், வண்டியை நிறுத்திவிடுவார். "டீசல் ஊத்துனது பாலம் வரைக்குந்தானுங்க. இனி மாப்பளை பாட்டுலதான் வண்டி ஓடோணும்" என்பார். மாப்பிள்ளை பாடியே தீர வேண்டும். ஒரு மாப்பிள்ளை கூச்சத்தில் அழுதே விட்டார். இவர் இறங்கிப் போய் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு தாமும் சேர்ந்து பாடி முடித்து வைத்தாராம். நான் பார்க்கவில்லை, சொன்னார்கள். கடைசியில் என்ன ஆயிற்று என்றால், முகூர்த்தத்துக்கு நேரம் கணிப்பவர்களே அந்தப் பாட்டுக்கென்று கால் மணி நேரம் ஒதுக்கிக் கணிக்கத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஊர்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் பேசும் தமிழை அப்படியே எடுத்துக்கொள்வார். சாலையில் எருமை குறுக்கே நின்றால் தலையை வெளியே நீட்டி, "மதிப்பிற்குரிய எருமையாரே, சற்றே வழி விடுவீர்களாக!" என்று என் குரலில் சொல்வார். வண்டிக்குள் இருபது பேர் சிரிப்பார்கள். பிறகு அந்த இருபது பேரும் அதைச் சொல்வார்கள். என் வகுப்பில் ஐந்தாம் பெஞ்சில் ஒருவன் சொன்னான். நான் கோபப்படவில்லை. அவனை முழங்காலில் நிற்க வைத்தேன், அவ்வளவுதான்.

"அம்மிணி, ஒருக்கா சிரிச்சா பல்லு கொட்டிப் போயிருமா?" என்று கேட்பார். சிரிக்கத் தகுந்த விஷயம் வந்தால் நான் சிரிப்பேன்.

ஒரு கல்யாண மண்டபம். ஆவணி பதினேழு, புதன்கிழமை. பந்தியில் மூன்றாம் வரிசை, ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மாமன் முறை ஒருவர், "ஏஞ்சென்னியப்பா, ஒம்பது வருசமாச்சு, ஊட்ல ஒண்ணும் விசேசமில்லயா?" என்று சத்தமாகக் கேட்டார். இவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "டீச்சரு இன்னும் பரிச்சையே வெக்கலீங் மாமா. நான் பள்ளிக்கொடத்துக்கு வெளீல நின்னுட்டு இருக்கறனுங்" என்றார். மண்டபமே சிரித்தது. ரசவாளி வைத்திருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் கரு கலைந்து அன்றைக்குப் பதினொரு நாள். அவருக்கும் அது தெரியும். திரும்பும்போது வண்டியில் நான் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தேன். "வேற எப்படி அம்மிணி அந்தப் பேச்ச முடிக்கறது? சிரிச்சுப்போட்டாங்கன்னா அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்க மாட்டாங்கல்ல?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சாலைத் தூசியாக இருக்கும்.

இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் அல்ல. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

ஹாரனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கேட்டுக்கு முன் வந்ததும் இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக அடிப்பார். ஸ்டாண்டில் எல்லோருக்கும் அது அவருடைய ஹாரன் என்று தெரியும். அதைக் கேட்டு நான் ஒரு நாளும் கேட்டைத் திறந்ததில்லை. இறங்கித் திறக்கக் கைகள் இருக்கின்றன அல்லவா? இருபத்தாறு ஆண்டுகளும் அவரே இறங்கித் திறந்தார். இருபத்தாறு ஆண்டுகளும் ஹாரனை அடித்துவிட்டுத்தான் இறங்கினார். சில பாடங்கள் சிலருக்கு ஏறுவதே இல்லை.

இனி நோய். ஆனி எட்டாம் தேதி காலை, மஞ்சள் நடவு. பெண்கள் கிழங்கு ஊன்றிக்கொண்டிருக்கிறார்கள், இவர் வரப்பில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணியது. வலக்கை தொங்கியது. பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் யாரையோ நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். "யாரு அது, நம்ம மணியகாரரா?" என்று ஒருத்தி கேட்டாளாம். அவர் பதில் சொல்ல வாயைத் திறக்க, அது இன்னும் கோண, அவர்கள் இன்னும் சிரிக்க, அப்படியே கால் மணி நேரம். சரிந்து சேற்றில் விழுந்த பிறகும் ஒருத்தி கை தட்டினாள். வாழ்நாள் முழுவதும் பிறரைச் சிரிக்க வைத்தவருக்கு வேறு என்ன கிடைக்கும்? நான் அங்கே இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். பள்ளியில் இருந்தேன்.

வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு நான் நீண்ட விடுப்பு எடுத்து உடன் இருந்தேன். தினமும் கால அட்டவணை. ஐந்தரைக்கு எழுப்புவது, ஆறுக்குக் கால் பயிற்சி, ஏழுக்குப் பேச்சுப் பயிற்சி. மீசையை எடுத்துவிட்டேன், கஞ்சி ஒட்டுகிறது என்பதால். பார்க்க வருபவர்களை நிறுத்தினேன். அவர்கள் வந்தால் பழைய கதை பேசிச் சிரிக்க வைப்பார்கள்; இவருக்குச் சிரித்தால் எச்சில் ஒழுகும். அதைத் துடைப்பது நான். மாலையில் வண்டிகள் தெருவில் போகும்போது அவருடைய ஹாரனை அடித்துவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டதும் கட்டிலில் துள்ளுவார். அமைதி தேவை என்று ஒரு அட்டையில் எழுதிக் கேட்டில் கட்டினேன். படிக்கத் தெரிந்தவர்களும் அடித்தார்கள்.

அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒலி. "ப்ப." எது வேண்டுமென்றாலும் ப்ப, ப்ப, ப்பா. இரண்டு குட்டை, ஒரு நீளம். பேச முடியாத நிலையிலும் விளையாட்டுத்தான். ஒலிக்குப் பணிந்தால் சொல் வராது என்று பயிற்சிப் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஆகவே தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் என்று சொல்ல வேண்டும் என்று விதி வைத்தேன். டம்ளரை அவருக்கு எதிரே மேசையில் வைத்துவிட்டு நானும் எதிரே உட்கார்ந்திருப்பேன். நாற்பது நிமிடம் ஆகும், ஐம்பது நிமிடம் ஆகும். நான் எழுந்து போனதில்லை. ஒரு நாள் நல்ல வெயில். 'த' வரைக்கும் வந்துவிட்டார். எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது தெரியுமா? அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி மோர் கொண்டுவந்தவள், டம்ளரை எடுத்து அவர் வாயில் ஊற்றிவிட்டாள். "தாகத்துக்குத் தண்ணி குடுக்கறதுக்குப் பாடமென்னுங்க டீச்சர்?" என்று என்னையே கேட்டாள். மறுநாளிலிருந்து அவளையும் வர வேண்டாம் என்றேன். அதன் பிறகு அந்த 'த' வரவே இல்லை. யார் குற்றம்?

கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்கள் தலைக்குப் பின்னால், கதவுக்கு இடப்பக்கம், சுவரில் ஒரு சிவப்புக் கோடு. தெரிகிறதா? அதுதான்.

கால் ஊன்றி மெல்ல நடக்கத் தொடங்கிய பிறகு, கைப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வாரம் ஒருமுறை வருவாள். சுவரில் விரல்களை வைத்து, எறும்பு ஏறுவது போல ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்த வேண்டும். அவருடைய நெஞ்சு உயரத்தில் அவள் சாக்பீசால் ஒரு கோடு போட்டாள். அப்போது அவர் இடக்கையால் வெளியே நின்ற வண்டியைக் காட்டி, ப்ப, ப்ப என்றார். வண்டியில் உட்கார வேண்டுமாம். தினமும் அதே வேண்டுகோள். தாங்கிக்கொண்டு போய் உட்கார வைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் கேட்டதெல்லாம் கொடுத்தால் கை எப்படி ஏறும்? நான் சொன்னேன்: "உங்கள் விரல் இந்தக் கோட்டைத் தொடும் நாளில் நீங்கள் வண்டியில் உட்காரலாம். இது என் வாக்கு." இடக்கையால் எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

அதன் பிறகு பாருங்கள், நான் எழுப்புவதற்கு முன்பே எழுந்து சுவருக்குப் போய்விடுவார். நெற்றியில் வியர்வை வழியும், உதட்டைக் கடித்துக்கொண்டு ஏற்றுவார். கோட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது, அவர் மதியம் தூங்கும் நேரத்தில், நான் கோட்டை அழித்து இரண்டு விரற்கடை மேலே போடுவேன். முப்பத்தைந்து மதிப்பெண் எடுத்தவனிடம் நாற்பது எடு என்று சொல்வதுதானே ஆசிரியர் கடமை? பதினொரு முறை ஏற்றினேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மதியம் நான் வங்கிக்குப் போய்த் திரும்பினால், கோடு இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு விரலைக் கோட்டின் மேல் வைத்து, பரீட்சையில் தேறிய பையனைப் போல என்னைப் பார்க்கிறார். தொட்டுப் பார்த்தேன். சாக்பீஸ் அல்ல, வெற்றிலைச் சுண்ணாம்பு. ஜன்னல் வழியாகப் பாப்பாத்தியைக் கூப்பிட்டுப் போட வைத்திருக்கிறார். நான் சுண்ணாம்பை முகர்ந்து பார்த்த விதத்தைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி முகம்தான் சிரிக்கும், மற்றப் பாதி அப்படியே இருக்கும். சிரித்துச் சிரித்துச் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கி நிறுத்தினேன், எச்சிலைத் துடைத்தேன். மறுநாள் கடையில் சிவப்பு பெயின்ட் வாங்கி வந்து அவர் கண் முன்னாலேயே கோடு போட்டேன். என் தலை உச்சிக்குச் சரியாக. "இது அழியாது" என்றேன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஆயுத பூசை வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் வண்டி ஓட்டுகிறவர். எங்கள் ஊர் ஸ்டாண்டில் ஒரு வழக்கம். நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, ஓட்டுநரே உட்கார்ந்து அதை நசுக்கி ஒரு முழம் முன்னே வர வேண்டும். வேறொருவர் ஓட்டக் கூடாது. அப்படி நகராத வண்டியை அந்த ஆண்டு நல்ல காரியத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். குழந்தவேலு ஏழெட்டுப் பேரோடு காலையிலேயே வந்துவிட்டான். என்னைக் கேட்காமல் வண்டியைக் கழுவினார்கள், சந்தனம் வைத்தார்கள், வாழைக்கன்று கட்டினார்கள், பழங்களை வைத்தார்கள். எல்லாம் முடித்துவிட்டு வராந்தாவுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"டீச்சருங்க, அண்ணனை ஒருக்கா சீட்டுல உக்கார வெச்சறலாமுங்க. எஞ்சினே போட வேண்டாமுங்க. ஸ்டேரிங்க அவரு புடிச்சுக்கட்டும், நாங்க பின்னாடி நின்னு தள்ளிப்போடறோம். ஒரு மொழம் போதுமுங்க."

"விதி ஒன்று இருக்கிறது, குழந்தவேலு. அவர் கோட்டைத் தொட வேண்டும்."

அவர் இதைக் கேட்டுக்கொண்டே கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். யார் கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. உள்ளிருந்து வராந்தாச் சுவருக்கு நடந்து வந்தார். விரல்களை வைத்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். பாதி தூரத்தில் கை கீழே நழுவியது. மறுபடி முதலிலிருந்து. தோள் ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது. வெளியே நின்றவர்களில் ஒருவன், "ஏறு மாமா, ஏறு, மாப்பளை பாடீட்டான், வண்டிய எடு!" என்று கத்தினான். மேலே, இன்னும் மேலே. நடுவிரலின் நுனி கோட்டில் பட்டது.

"தொட்டுப்போட்டாரு! டீச்சருங்க, தொட்டுப்போட்டாரு!" குழந்தவேலு குதித்தான். எல்லோரும் விசிலடித்தார்கள். அவர் சுவரில் கையை வைத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பாதி முகம் சிரித்தது.

நான் அவர் காலைப் பார்த்தேன். குதிகால் தரையில் இல்லை.

"குதிகால் தூக்கியிருக்கிறது. இது செல்லாது. மறுபடி தொடுங்கள்" என்றேன்.

நான் குரலை உயர்த்தவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மறுபடி தொடுங்கள் என்றுதான் சொன்னேன், கூடாது என்று சொல்லவில்லை. வாய்ப்புக் கொடுத்தேன். குழந்தவேலு, "இப்படிப் பண்ணாதீங்க டீச்சர், உங்க கால்ல வேணா உழுகறேன்" என்று குனிந்தான். காலில் விழும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை, விலகிக்கொண்டேன். அவர் வலக்கையை இடக்கையால் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார், யாரோ கொடுத்துவைத்த பொருளைத் திருப்பி வைப்பது போல. கட்டிலுக்குப் போய்ப் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் போய்விட்டார்கள். தெரு முனையில் எல்லா வண்டிகளும் ஒன்றாக அந்த ஹாரனை அடித்தன. நான் ஜன்னலைச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தேன், கட்டிலில் துள்ளல் இல்லை.

அதன் பிறகு அவர் கையைத் தூக்கவே இல்லை. ப்ப என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கவும் இல்லை. நானாகவே கொடுத்தேன், விதியைத் தளர்த்தினேன் பாருங்கள். இருபத்து மூன்றாம் நாள் போய்விட்டார். இரண்டாவது முறை வந்த அடைப்பு என்றார்கள். ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள், பேசட்டும். நான்கு மாதங்களில் ஒரு நாளாவது அவருக்கு மருந்து தவறியதா, படுக்கைப் புண் வந்ததா என்று கேளுங்கள். இல்லை. எடுத்துப் போகும்போது குழந்தவேலு வந்து, வண்டிச் சாவியை அவர் கையில் வைத்து அனுப்பலாம் என்றான். ஒரு முறை கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். மூன்று முறை கேட்டான். அன்றிலிருந்துதான் அவனுக்குக் கேட் திறப்பதில்லை.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? கோட்டைப் பார்க்கவா? பாருங்கள். கையை உயர்த்தித் தொட்டுப் பாருங்கள், தயங்க வேண்டாம். பார்த்தீர்களா, எளிதாக எட்டுகிறது. உங்கள் குதிகாலும் தரையிலேயே இருக்கிறது. எட்டாத உயரத்தில் நான் போடவில்லை. அதைத்தான் இந்த ஊருக்கு என்னால் புரிய வைக்க முடியவில்லை.

சரி, சாவியைப் பிடியுங்கள். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள், உங்களுக்கே தருகிறேன். டயருக்குக் காற்று அடிக்க வேண்டும், பாட்டரி மாற்ற வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. வண்டியை நகர்த்துவதற்கு முன் அந்த நான்கு பழங்களையும் எடுத்துவிடுங்கள்.

என்ன சொன்னீர்கள்? அவர் பேருக்கு அவற்றின் மேலேயே ஏற்றி எடுத்துப் போகிறீர்களா?

கூடாது. அது அவருடைய பூசை. அவர் தொட்டது செல்லாது என்று நான் சொல்லியிருக்கிறேன். இன்று நீங்கள் ஏற்றினால் என் சொல்லுக்கு என்ன பொருள்? கையால் எடுங்கள், நான் பழைய செய்தித்தாள் கொண்டுவருகிறேன்.

சாவியை ஏன் நாற்காலியில் வைக்கிறீர்கள்? நான் தவறாக எதுவும் சொல்லவில்லையே. வண்டி வேண்டாமா? நல்ல எஞ்சின். சரி, போங்கள். போகும்போது கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள்.

நான்கு பேர் ஆயிற்று.

யார் அது, தெருவில் ஹாரன் அடிப்பது? இவர்தானா, தம் வண்டியில் ஏறிக்கொண்டு? இரண்டு குட்டை, ஒரு நீளம். குழந்தவேலு சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

தவறு. மூன்றாவது அவ்வளவு சீக்கிரம் முடியாது. இன்னும் நீள வேண்டும். கேட் திறக்குமா என்று காத்துக்கொண்டே நீள வேண்டும்.